ஒரு கப்பல்துறையைக் காத்த வரலாறு



வகுப்பில் வரலாறு கற்பித்த நாட்களில், போர்க்களங்களைக் காட்டிலும் போர்க்கருவிகள் உருவான இடங்களைப் பற்றியே நான் மாணவர்களிடம் அதிகம் பேசியதுண்டு. அங்கே உழைத்தவர் எவர், அவ்விடம் மூடப்பட்டால் அவர் கதி என்ன என்னும் கேள்விகள் பாடநூலில் இரா. அத்தகைய ஓரிடத்தின் கதையை இன்று சொல்ல விழைகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கே, மெயின், நியூஹாம்ஷயர் என்னும் இரு மாநிலங்களைப் பிரித்துக்கொண்டு பிஸ்காட்டக்வா ஆறு கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்துத் தீவில், 1800-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல்துறை. பெயர் நியூஹாம்ஷயர் நகரத்தினுடையது. நிலமோ மெயின் மாநிலத்தினுடையது. இவ்வெல்லை வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்று, 2001-இல்தான் தீர்ந்தது. 1905-இல் ரஷியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நடந்த போரை முடித்துவைத்த உடன்படிக்கை கையெழுத்தானதும் இக்கப்பல்துறைக் கட்டடம் ஒன்றில்தான். போர்க்கப்பல் செய்யும் இடத்தில் சமாதானம் பிறந்தது, வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து இத்துறை நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பெயர்பெற்றது. பெருமையோடு துயரமும் உண்டு. இங்கே கட்டப்பட்ட திரெஷர் என்னும் அணுவிசை நீர்மூழ்கி 1963 ஏப்ரலில் கடலடியில் மறைந்தபோது, அதிலிருந்த 129 பேரும் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டே, பாதுகாப்புச் செயலர் மக்னமாரா இத்துறையைப் படிப்படியாக மூடிவிட ஆணையிட்டார். அந்த ஆணை 1971-இல் அதிபர் நிக்சனால் நீக்கப்பட்டது. ஆறாண்டுக்கும் மேலாக, நாளை வேலை இருக்குமோ இராதோ என்ற ஐயத்தோடு தொழிலாளர் காலையில் துறைக்குள் நுழைந்தனர்.

தளங்களை மூடுவது எந்த மக்களாட்சியிலும் எளிதன்று. தன் தொகுதித் தளம் மூடப்பட எந்த உறுப்பினரும் இசையார். ஆகவே 1988-இல் அமெரிக்கர் ஒரு வழி கண்டனர். தனிக்குழு ஒன்று பட்டியலைத் தீர்மானிக்கும். அரசு நிர்வாகமும் பாராளுமன்றமும் அதை முழுமையாக ஏற்க வேண்டும், அல்லது முழுமையாகத் தள்ள வேண்டும். ஒன்றை மட்டும் உருவி எடுத்தல் இயலாது. அந்த முதற் பட்டியலிலேயே, ஆற்றுக்கு மறுகரையிலிருந்த பீஸ் விமானப்படைத் தளம் சேர்ந்தது, 1991-இல் மூடப்பட்டது. ஆகவே மூடுவிழா என்றால் என்னவென்று அவ்வட்டாரத்தார் கண்ணாலேயே கண்டிருந்தனர்.

2005 மே மாதம் வெளியான பட்டியலில் போர்ட்ஸ்மத் துறையின் பெயரும் இருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பிழைப்பு அதனுள் அடங்கியிருந்தது. குழுவினர் நேரில் பார்க்க வந்தபோது, மக்கள் ஆயிரக்கணக்கில் மஞ்சட் சட்டை அணிந்து வழியெங்கும் நின்றனர். இரு மாநிலங்களின் நான்கு மேலவை உறுப்பினரும் ஒன்றுகூடினர். எல்லைக்கு வழக்காடியவர்கள் துறைக்குத் தோள்கொடுத்தனர்.

ஆயினும், மஞ்சட் சட்டை மட்டும் துறையைக் காக்கவில்லை. சட்டம் முதலிடம் தந்தது இராணுவப் பயனுக்கே. ஊராரின் இழப்புக்கு அதன் பின்னரே இடம். ஆகவே அவர்கள் வேலைக் கணக்கை முன்வைத்தனர். நீர்மூழ்கிகளைச் செப்பனிட்டுக் குறித்த நாளுக்கு முன்பே, குறித்த செலவுக்குள் திருப்பித் தந்த கணக்கு அது. அணுவிசைக் கப்பல்களைச் செப்பனிடும் அரசுத் துறைகள் நாட்டில் நான்கே; ஒன்றை மூடினால் அந்தக் கைத்திறனை மீண்டும் உண்டாக்கப் பல்லாண்டு ஆகும் என்றும் வாதித்தனர். 2005 ஆகஸ்டு 24-ஆம் நாள் குழு பெரும்பான்மை வாக்கால் அத்துறையைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

அதே குழு, அதே மெயின் மாநிலத்தின் பிரன்ஸ்விக் கடற்படை விமானத் தளத்தை மூடத் தீர்மானித்தது. 2011-இல் அது மூடப்பட்டது. அங்கும் மக்கள் அழுதனர், அங்கும் மனு கொடுத்தனர். கண்ணீரின் அளவு எங்கும் ஒன்றே, கணக்குத்தான் வேறுபட்டது.

இதைப் படிக்கையில் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்த சிற்றூர்ப் பள்ளியை, பிள்ளைகள் குறைவென்று மூட முனைந்தார்கள். பள்ளியின் பழம்பெருமையை உருக்கமாக எழுதி, ஊரார் கையொப்பத்தோடு எடுத்துச் சென்றேன். அதிகாரி படித்தார், மடித்து வைத்தார். "பதிவேடு எங்கே, ஐயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சினம் வந்தது. ஆயினும் மறுவாரம், அடுத்த பள்ளிக்குச் செல்லும் வழியிலுள்ள ஓடையையும், மழைக்காலத்தில் அதைக் கடக்கமாட்டாத சிறுபிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு போனேன். பள்ளி நிலைத்தது.

பழம்பெருமை வீண் என்று நான் சொல்லவில்லை. அதுவே மக்களை வீதிக்கு அழைத்து வருகிறது. ஓயாமல் நிற்கவும் வைக்கிறது. ஆனால் வீதியில் நிற்பவர் கையில் கணக்கும் இருத்தல் வேண்டும். தாம் உழைத்த இடத்தைக் காக்க விரும்புவோர், அவ்வுழைப்பைச் செம்மையாகச் செய்து, செய்ததைக் குறித்தும் வைக்க வேண்டும். போர்ட்ஸ்மத் தொழிலாளரை 2005-இல் காத்தது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் நாள்தோறும் ஒழுங்காகச் செய்த வேலையே.