‘ஹாஸ்டைல்’ என்னும் சொல்லின் சரித்திரம்

ஆங்கிலத்தில் பகையைக் குறிக்கும் சொற்கள் பலவுள. அவற்றுள் ‘எனிமி’ என்பதும் ‘ஹாஸ்டைல்’ என்பதும் நம்மவர் நாவில் அடிக்கடி வருவன. ஆங்கிலப் பாடசாலையில் ‘விரோதி’, ‘விரோதமான’ என்று இவற்றிற்குப் பொருளெழுதி மனனஞ் செய்தோம். அகராதி அவ்வளவோடு நின்றுவிடும். சரித்திரமோ அவ்விடத்தேதான் தொடங்குகின்றது.

‘எனிமி’ லத்தீன் மொழியிலுள்ள ‘இனிமீகுஸ்’ என்பதினின்று பிறந்தது. ‘நண்பனல்லாதவன்’ என்பதே அதன் நேர்ப்பொருள். வரப்புச் சண்டையிட்டு அண்டை வீட்டானோடு பேச்சை நிறுத்திக்கொண்டவன் இனிமீகுஸ். ‘ஹாஸ்டைல்’ என்பதற்கு மூலமான ‘ஹோஸ்டிஸ்’ அத்தகையதன்று. ரோமாபுரியோடு போர்புரியும் நாட்டானே ஹோஸ்டிஸ். அவனை முன்பின் பார்த்திருக்க வேண்டுவதில்லை. அவன்மீது சொந்தக் கோபமும் வேண்டுவதில்லை.

ஆயின், இச்சொல்லுக்கு இதனினும் பழைய பொருளொன்றுண்டு. கி.மு. 451–450-ல் ரோமாபுரியில் இயற்றப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டத்தில் ஹோஸ்டிஸ் என்றால் பிறநாட்டான், அந்நியன், அவ்வளவே. அவனோடு வழக்காடக் குறித்த நாளைப் பற்றி அச்சட்டம் பேசுகின்றது. வழக்குக்கு நாள் குறித்துக் கொடுக்கப்பட்டவன் பகைவனாக இருந்திருக்க முடியுமா? கி.மு. 44-ல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி நூலெழுதிய சிசரோ இதனை எடுத்துக்காட்டுகின்றார். போர்தொடுப்பவனுக்கு வேறு கடுஞ்சொல் இருந்தும், முன்னோர் அவனையும் ‘அந்நியன்’ என்றே மென்மையாக அழைத்தனராம். நாளடைவில் அம்மென்சொல்லே கடுஞ்சொல்லாயிற்றாம். முன்னோரின் பெருந்தன்மையைப் புகழவே அவர் இதனைக் கூறினார். நமக்கோ வேறொன்று தோன்றுகின்றது. அப்பெயரால் பகைவனுக்கு என்ன நன்மை விளைந்ததோ அறியோம்; அந்நியன் தன் பெயரை இழந்தான். அவனைக் குறிக்க ரோமர் ‘பெரெக்ரீனுஸ்’ என்னும் வேறு சொல்லை நாட வேண்டியதாயிற்று.

அதே வேர் ஜெர்மானிய மொழிகளில் விருந்தினனைக் குறித்தது. ஆங்கிலத்தின் ‘கெஸ்ட்’ அவ்வழி வந்ததே. லத்தீனில் விருந்தோம்புவோனைக் குறித்த ‘ஹோஸ்பெஸ்’ என்பதும் அதன் கிளைதான். ‘ஹாஸ்பிட்டல்’, ‘ஹோட்டல்’ என்பவை அக்கிளையின் காய்கள். தமிழிலும் ‘விருந்து’ என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருளாதலின், புதிதாய் வந்தவனை நம் மொழி எவ்வாறு கண்டதென்பது விளங்கும். கப்பலேறி வந்தவர் வழிவந்த நமக்கு, அந்நியன் என்னும் பெயர் எப்பொழுது எப்பொருள் கொள்ளுமென்பது வெறும் இலக்கண விஷயமன்று.

கோர்ட்டில் ‘ஹாஸ்டைல்’ சாட்சி என்றால், தன்னை அழைத்த கட்சிக்கே மாறாய் நிற்பவன். அவன் முகத்தில் கோபம் இருக்கவேண்டுமென்பதில்லை. பன்மையில் ‘ஹாஸ்டிலிட்டீஸ்’ என்றால் போர்ச் செயல்களேயாம். முன்னறிவிப்பின்றி அவற்றைத் தொடங்கலாகாதென 1907-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஜப்பானும் அதில் ஒப்பமிட்டிருந்தது. 1941 டிசம்பர் 8-ந் தேதி நள்ளிரவு கழிந்து கோத்தா பாருவில் அதன் படை இறங்கியபோது அத்தகைய அறிவிப்பு ஏதுமில்லை.

இவ்வேரின் மூன்று பொருளையும் ஒரே கட்டிடத்தில் காண விரும்பும் நேயர்கள் சிங்கப்பூர் ஸ்காட்ஸ் ரோட்டுக்குச் செல்லலாம். 1900-ல் அங்கே ஜெர்மானியர் தங்கள் ட்யூடோனியா கிளப்புக்கு அழகியதோர் இல்லம் அமைத்தனர். அன்று அவர்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் வாணிபஞ் செய்த அந்நியர். 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. அவர்கள் செய்த தொழில் மாறவில்லை, பேசிய பாஷை மாறவில்லை. பெயர் மட்டும் மாறிற்று. பகைநாட்டாரென்று டாங்லின் பாசறையில் காவலில் வைக்கப்பட்டனர். கிளப்பைச் சர்க்கார் பகைவர் சொத்தென எடுத்துக்கொண்டது. 1918-ல் அது ஏலத்தில் கைமாறிற்று. 1929-ல் அதே கட்டிடம் குட்வுட் பார்க் ஹோட்டல் என்னும் பெயரோடு, எந்நாட்டாராயினும் தங்கிச் செல்லக் கதவைத் திறந்தது.