பயாஸில் ஒளித்து வைத்த வேகம்

1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு சில்லுகளை ஒன்றாகச் சந்தைக்கு விட்டது. பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். கொஞ்ச நாளிலேயே ஒரு சமாச்சாரம் பரவியது. அந்த 149 டாலர் சில்லும் பெரும்பாலும் மூச்சு வாங்காமல் 450ல் ஓடுகிறதாம்!

கணக்கு சுலபம்தான். மதர்போர்டு தரும் பஸ் வேகம் 66. செலரானுக்குள் பூட்டி வைத்த பெருக்கி 4.5. இரண்டையும் பெருக்கினால் 300. பெருக்கியைத் தொட முடியாது. ஆனால் பஸ் வேகத்தை 100 ஆக்கினால்? 450. அபிட் பிஎச்6 போன்ற போர்டுகளில் ஜம்பரைப் பிடுங்கி மாட்டும் வேலை கூட இல்லை, பயாஸ் திரையிலேயே மாற்றிவிடலாம். இதுதான் ஓவர்க்ளாக்கிங். சில்லின் மேல் அச்சடித்த வேகம் அதன் சக்தியின் எல்லை அல்ல, எந்த விலைக்கு யாரிடம் விற்பது என்ற முடிவும் அதில் கலந்திருக்கிறது என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடையில் தனியாக வாங்கும் போர்டுக்குத்தான் இந்தச் சுதந்திரம். பிராண்டட் கம்ப்யூட்டரின் பயாஸைத் திறந்தால் தேதி, பாஸ்வேர்டு, எதிலிருந்து பூட் ஆக வேண்டும்... அவ்வளவுதான். மற்ற மெனுக்களில் பல உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

இந்த இடத்தில் நம்மூர் சம்பந்தம் ஒன்று வருகிறது. உலகின் பெரிய பயாஸ் நிறுவனங்களில் ஒன்றான அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸை 1985ல் பாட் சர்மாவுடன் சேர்ந்து தொடங்கியவர் இந்தியரான சுப்பிரமணியன் சங்கர். பின்னாளில் டெல் ஆன பிசிஸ் லிமிடெட் அதன் ஆரம்பகால வாடிக்கையாளர். சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. எந்த மெனுவைக் காட்டுவது, எதை மறைப்பது என்று போர்டு தயாரிப்பாளர்கள் தீர்மானிக்க அந்நிறுவனம் ஏஎம்ஐபிசிபி என்ற கருவியை எழுதியது. அது வெளியே கசிந்து ஆர்வலர்கள் கைக்குப் போனது. மறைத்த மெனுக்கள் வெளியே வந்தன. வந்ததெல்லாம் வேலை செய்தது என்று சொல்ல முடியாது, அதற்கு போர்டும் ஒத்துழைக்க வேண்டும்.

2011 ஜனவரியில் இன்டெல் கதவை ஏறக்குறைய அடைத்தது. புதிய சில்லுகளில் பஸ் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே மற்ற பாகங்கள் தடுமாறும். பூட்டில்லாத பெருக்கி வேண்டுமா? ஐ5-2500க்குப் பதில் 2500கே வாங்க வேண்டும். 205 டாலர், 216 டாலர். ஆக, சாவியின் விலை 11 டாலர்!

அதனால் பழைய 775 சாக்கெட் போர்டுகளுக்கு மறுபடி மவுசு வந்தது. சர்வர்களிலிருந்து கழித்த ஜியான் இ5450 சில்லுகள் மலிவாகக் கிடைத்தன. சாக்கெட்டின் ஓரத்தைச் சீவி, இரண்டு தொடுமுனைகளை மாற்றும் சின்ன ஸ்டிக்கரை ஒட்டினால் பொருந்திவிடும். ஆனால் போர்டுக்கு அந்தச் சில்லை அடையாளம் தெரிய வேண்டுமே? அதற்கான மைக்ரோகோடைச் சேர்த்து பயாஸைத் திருத்தி எழுதினார்கள். பஸ்ஸை 333லிருந்து 400க்கு ஏற்றினால், ஒன்பது மடங்கில் 3.6 கிகாஹெர்ட்ஸ்.

திருத்திய பயாஸை எழுத ஒரு சில நிமிடம்தான். அந்த நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டு செத்த மாதிரி. 2012ல் சென்னைக்கு அறிவித்த மின்வெட்டு தினம் 2 மணி நேரம். எல்லைக்கு வெளியே அதைவிடப் பல மடங்கு, சொல்லாமலும் போகும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்குவது சூதாட்டம்தான். வேகத்தோடு வோல்டேஜையும் ஏற்றினால் சூடு எகிறும். வெளியே 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில் பெட்டியோடு வந்த ஃபேன் தாங்காது.

செத்த போர்டையும் பிழைக்க வைக்க வழி உண்டு. பல போர்டுகளில் பயாஸ் இருப்பது எட்டுக் கால் உள்ள சின்னச் சில்லில். சாக்கெட்டில் இருந்தால் கழற்றிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதுதான். புரோகிராமர் வைத்திருப்பவர் பழைய பயாஸை அதில் திரும்ப எழுதிக் கொடுப்பார். மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பழைய பயாஸை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வைத்திருந்தால்.