ஐல் ராயல் தீவின் ஓநாய்கள்

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலே ஐல் ராயல் என்றொரு தீவு உண்டு. 1940-களின் இறுதியில், ஏரி உறைந்த குளிர்காலமொன்றில், பனிக்கட்டியின் மீது நடந்து ஓநாய்கள் அங்குக் குடியேறின. மூஸ் என்னும் பெரிய மான்களே அவற்றின் முதன்மையான இரை. 1958-ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டர்வர்டு ஆலன் இவ்விரு விலங்குகளையும் ஆராயத் தொடங்கினார். குளிர்காலந்தோறும் சிறு விமானத்தில் பறந்து, பனியில் பதிந்த தடத்தைப் பின்பற்றி ஓநாய்களை எண்ணினர்.

1980-இல் இருந்தவை 50, 1982-இல் 14! நாய்களிடமிருந்து தொற்றிய பார்வோ நச்சுயிரியே காரணமென அறிந்தனர். பின்னர் ஏரி முழுதும் உறைவதும், புதிய ஓநாய்கள் வருவதும் அரிதாயின. நெருங்கிய உறவுக்குள்ளேயே ஈன்று குலம் நலிந்தது. 2016-இல் எஞ்சியவை இரண்டே. மூஸ்களோ பெருகி, இளமரங்களை மேய்ந்து அழித்தன.

இயற்கையின் போக்கில் மனிதன் தலையிடலாமா என்று நெடுநாள் வாதிட்டனர். முடிவில் 2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாய்களைக் கொணர்ந்து, கழுத்துப்பட்டை பூட்டிக் கண்காணித்தனர். நாயை அழைத்துச் சென்றவனும், பனி குறையக் காரணமானவனும் மனிதனே எனின், அவன் ஒதுங்கி நிற்பது அறமாகுமோ? அறுபதாண்டுகள் பொறுமையோடு எழுதி வைத்த கணக்கு இல்லையேல், இக்கேள்வியே எழுந்திராது.