ஒழுக்கடைத்த கைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தே அமைந்த ஊர் தேவாரம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தே தன் நீரைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே இப்பக்கம் இறங்குகிறது. ஏலமலை நனைந்து கிடக்கும் ஆடியிலும் அடிவாரத்து ஆநிரைக்குத் தண்ணீர் தேடவேண்டிய நிலை உண்டு. பாலுக்காக அன்றி, பெரும்பாலும் எருவுக்காக வளர்க்கப்படும் மலைமாடுகள் பட்டியிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து வயலில் அமர்த்தும் கிடைக்கும் நடந்த நடையே கம்பம் பள்ளத்தாக்கு வேளாண்மையின் பாதி வரலாறு. அந்நடை முடியும் இடத்தில் இருக்கவேண்டியது ஒரு தண்ணீர்த் தொட்டி.

முன்னோர் வகுத்த முப்பத்திரண்டு அறங்களுள் ஆவுரிஞ்சுதறி நாட்டுவதும் ஒன்று. மாடு உடல் தேய்த்துக்கொள்ள ஒரு கல்லும், அருகே நீரும் வைப்பது தமிழர் வழக்கம். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி ஆகியவற்றோடு ஆவுரோஞ்சிக்கல்லையும் இன்றும் காணலாம்.

ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒழுகுவது அரிது. அடுக்கிக் கட்டிய தொட்டியே காரை விட்டு ஒழுகும். வினாடிக்கு ஒரு சொட்டு எனினும் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் போய்விடும். பத்து இடத்தில் சொட்டினால் ஒரு மாடு ஒரு நாள் குடிக்கும் நீர் மண்ணுக்குப் போயிற்று. ஒழுக்கைக் கண்டறியும் முறை எளியது. தொட்டியை நிரப்பி விட்டுவிட்டால், நீர் இறங்கி எம்மட்டத்தில் நிற்கிறதோ அம்மட்டத்தை ஒட்டியே பழுது இருக்கும். அவ்விடத்துக் காரையைக் கொத்தி நீக்கி, சுவரை நன்கு நனைத்து, நீற்றிய சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுருக்கியும் சேர்த்தரைத்த கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் விட்டுப் பூசுவர். சுருக்கி சேர்ந்த சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகும். மயிரிழைக் கீறல் விழுந்தால், கசியும் நீரே சுண்ணாம்பைக் கரைத்துக் கொணர்ந்து கீறலில் படியவைத்து ஓரளவு அடைத்துக்கொள்வதும் உண்டு.

சிமெண்டு வந்தபின் இப்பொறுமை போயிற்று. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் பூசிய சிமெண்டு சுவரின் போக்குக்கு இசையாமல் வெடித்து உரியும். உரியுமுன் பழுதை மறைத்தும் வைக்கும். விரைவில் முடிந்த வேலை என்பதன்றி அதற்கு வேறு பெருமை இல்லை.

இப்பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் தரும் பெரியாற்றணையும் இதே சுண்ணாம்பாலும் சுருக்கியாலும் எழுந்ததுதான். 1887இல் தொடங்கி 1895இல் பென்னிகுயிக் முடித்த அவ்வணைக்கும் கரைந்து வெளியேறும் சுண்ணாம்பே நோயாயிற்று. 1930களிலும் 1960களிலும் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பு செலுத்தினர். இங்குச் சிமெண்டு மேற்பூச்சாக அன்றி, உட்புகுந்து இடைவெளியை நிரப்பியது என்பது கருதத்தக்கது. 1979இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்த பின்னர், மேலே கான்கிரீட்டு மூடியும், உள்ளே எஃகு வடங்களும், பின்புறம் கான்கிரீட்டுத் தாங்கலும் சேர்க்கப்பட்டன. 2014இல் 142 அடி தேக்க உச்ச நீதிமன்றம் இசைந்தமைக்கு இப்பழுதுபார்ப்பே அடிப்படை.

பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது, தகும். துளையிட்டவருக்கும் குழம்பு கலந்தவருக்கும் ஒரு பலகையேனும் இல்லை. பழங்கல்வெட்டுக்கள் இதில் வேறு நெறியின. அறம் செய்தவன், அதனைப் பின்னாளில் காப்பவனின் பாதத்தைத் தன் தலைமேல் ஏற்பதாகவே எழுதிவைத்தான். இன்னும் பிறவாத ஒருவனுக்கு, முகமறியாமலே செய்த வணக்கம் அது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்களில் மேய்ச்சலைத் தடைசெய்து, அம்மாதத்திலேயே தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கிற்று. மலைச்சுனை எட்டாத மாட்டுக்கு ஊரடித் தொட்டியே கதி. கோடைக்குமுன் அதனை வடித்து, பாசி சுரண்டி, கீறலை அடைத்து, உட்புறம் சுண்ணாம்படித்து, ஒரு நாள் காயவிட்டு, மீண்டும் நீர் நிரப்பவேண்டும்.