ஆம்ப்ளிஃபையருக்கான சீராக்கிய மின்வழங்கி

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தைக் குறைத்து, ஏற்ற இறக்கமில்லாத டி.சி. மின்னழுத்தமாக ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் சுற்று சீராக்கிய மின்வழங்கி எனப்படும். மின்மாற்றி, டையோடு பிரிட்ஜ், வடிகட்டும் மின்தேக்கி, சீராக்கி ஆகிய நான்கும் இதன் உறுப்புகள். கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையரில் கேட்கும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் இந்தப் பகுதியே காரணம்.

ஏ.சி. நொடிக்கு 50 முறை சுழல்கிறது. பிரிட்ஜ் அதன் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், மிஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸில் அமைகிறது. ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று ஒலிப்பது இதுதான். மின்தேக்கி இதைத் தணிக்குமே தவிர முழுதாக நீக்காது. 1 ஆம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலும் ஏறக்குறைய 2 வோல்ட் அலைவு மிஞ்சும். அதை அடக்குவது சீராக்கியின் வேலை.

டோன் கண்ட்ரோல், ப்ரீஆம்ப் சுற்றுகளுக்குப் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் தர 7812, 7912 என்ற சீராக்கி ஐ.சி. இணையே வழக்கம். இங்கே மின்மாற்றியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 12 வோல்ட் வேண்டும் என்பதால் 12-0-12 மின்மாற்றியை வாங்குகிறார்கள். அதன் உச்ச மின்னழுத்தம் 17 வோல்ட்; டையோடில் இழப்பு போக 16. இது போதுமென்றே தோன்றும். ஆனால் மாலையில் லைன் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அது 14 வோல்ட்டைத் தொடும். 7812 சரியாக இயங்க, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த இடைவெளி சுருங்கியதும் சீராக்கி அலைவை அப்படியே கடத்திவிடும். பகலில் அமைதியாக இருந்த ஆம்ப்ளிஃபையர் இரவில் முனகுவது இதனால்தான். 15-0-15 மின்மாற்றியில் 200 வோல்ட்டிலும் 17 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். கூடுதல் மின்னழுத்தம் சீராக்கியில் வெப்பமாகும். 8 வோல்ட் வேறுபாட்டில் அரை ஆம்பியர் ஓடினால் 4 வாட். அதற்கு ஹீட் சிங்க் கட்டாயம்.

இந்த இணையில் ஒரு பொறியும் உண்டு. 7812இன் கால்கள் உள்ளீடு, தரை, வெளியீடு என்ற வரிசையில் அமைந்தவை. 7912இல் தரை, உள்ளீடு, வெளியீடு. உலோகத் தகடு முன்னதில் தரையோடும், பின்னதில் உள்ளீட்டோடும் இணைந்திருக்கும். மைக்கா தகடு வைக்காமல் இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் திருகினால் ஷார்ட் ஆகும்.

வேறு மின்னழுத்தம் வேண்டுமெனில் எல்எம்317 என்ற சீராக்கி உதவும். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் வடிவமைத்த இது, வெளியீட்டுக்கும் ‘அட்ஜஸ்ட்’ காலுக்கும் இடையே 1.25 வோல்ட்டை நிலைநிறுத்துகிறது. இரு மின்தடைகளின் விகிதம் வெளியீட்டைத் தீர்மானிக்கும். அட்ஜஸ்ட் காலிலிருந்து தரைக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் அலைவை ஒடுக்கும் திறன் 65 டெசிபெலிலிருந்து 80 டெசிபெல் வரை உயரும். இவ்வளவு சிறு செலவில் இவ்வளவு பயன் தரும் மாற்றம் இந்தச் சுற்றில் வேறு இல்லை.

ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதிக்கும் சீராக்கி வேண்டுமா? பிரிட்டனில் 1967இல் வந்த குவாட் 303 ஆம்ப்ளிஃபையரில் அது இருந்தது. ஆனால் வீட்டில் கட்டுவோருக்கு அது பெரும்பாலும் தேவையற்ற சுமை. டிடிஏ2030 போன்ற ஐ.சி. 4 ஓம் ஸ்பீக்கரில் முழு ஒலியில் 2 ஆம்பியருக்கு மேல் கணநேரம் இழுக்கும். 7812 அதைத் தர மறுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பாஸ் ஒலி சிதையும். அந்த ஐ.சி.யே மின்வழங்கியின் அலைவை ஓரளவு ஒதுக்கிவிடுவதால், பெரிய மின்தேக்கிகளைக் கொண்ட சீராக்காத வழங்கியே அதற்குப் பொருத்தம். நுண்ணிய சிக்னலைக் கையாளும் ப்ரீஆம்புக்கு மட்டும் சீராக்கி வைப்பதே நல்ல வழி.

சீராக்கி சரியாக இருந்தும் முனகல் கேட்டால் தரை வயரிங்கைப் பார்க்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து மின்தேக்கிக்குப் பாயும் மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாக வருவது. அது ஓடும் கம்பியிலேயே உள்ளீட்டின் தரையும் இணைந்திருந்தால், கம்பியில் இழக்கப்படும் மில்லிவோல்ட்டுகள் சிக்னலோடு கலந்து பெருக்கப்படும். மின்தேக்கிகளின் தரைச் சந்திப்பிலிருந்து தனியே ஒரு புள்ளி எடுத்து, எல்லாத் தரைகளையும் அங்கே சேர்க்க வேண்டும்.

மின்மாற்றியின் பிரைமரியில் ஃபியூஸும், உலோகப் பெட்டிக்கு எர்த் இணைப்பும் தவிர்க்க முடியாதவை. முதல் முறை சுவிட்ச் போடும்போது 60 வாட் குண்டு பல்பை சீரியலில் இணைக்கலாம். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சுற்றில் பெரிய கோளாறு இல்லை; பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது மின்தேக்கி தலைகீழாக இருக்கிறது.