டிரைவ்-இன் கட்சி

சென்னையில காதலிச்சவங்களை ரெண்டு கட்சியாப் பிரிச்சிடலாம். ஒண்ணு பீச் கட்சி, இன்னொண்ணு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் கட்சி. நானும் தங்கமணியும் ரெண்டாவது. பீச்ல செலவு கம்மிதான். ஆனா மயிலாப்பூர்ல பாதிப்பேர் தங்கமணிக்குச் சொந்தக்காரங்க, சாயங்காலமானா அத்தனை பேரும் காத்து வாங்க அங்கதான் வருவாங்க. எதுக்கு வம்பு!

கொசுவத்தி சுத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. உடுப்பிப் பக்கத்துலேர்ந்து பிழைக்க வந்து, மெட்ராஸ் ஓட்டல்கள்ல எடுபிடி வேலையில ஆரம்பிச்சவர் கே. கிருஷ்ணராவ். 1938-ல ராயப்பேட்டையில ஒரு பெரிய பங்களாவை வாடகைக்குப் பிடிச்சு ஓட்டல் வச்சார். அந்த பங்களாவோட பேர்தான் உட்லண்ட்ஸ். அப்புறம் ராதாகிருஷ்ணன் சாலையில நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962-ல கதீட்ரல் ரோட்ல டிரைவ்-இன். அப்ப மேம்பாலம் கிடையாது, அது 1973-ல வந்தது. முனையில ஜெமினி ஸ்டுடியோ இருந்த காலம்.

காரை மரத்தடியில நிறுத்தினா சர்வர் வருவார், கார் கதவுல தட்டை மாட்டிட்டுப் போவார். உள்ளே ஹாலும் உண்டு. டிரைவ்-இன்னு பேர் இருந்தாலும் பஸ்ல வந்து இறங்கினவங்களுக்கும் அதே காபிதான். மெடிக்கல் ரெப்புகளுக்கு அதுதான் ஆபீஸ். பையை நாற்காலியில வச்சிட்டு மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பாங்க. யாரும் "சார், வேற ஏதாவது?"ன்னு பில்லை நீட்ட மாட்டாங்க. என்னைக் கேட்டா அந்த ஓட்டலோட ஸ்பெஷல் பலூன் மாதிரி வர்ற பட்டூரா இல்ல, இதுதான்.

1996-ல ஒரு சாயங்காலம், ரெண்டு காபிக்கு மூணு மணி நேரம் உட்கார்ந்தோம். தங்கமணி வீட்ல மாப்பிள்ளை பார்த்தாச்சு, ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க. எங்க வீட்ல வேற ஜாதின்னு அம்மா சாப்பிடறதையே நிறுத்திட்டாங்க. ரெஜிஸ்தர் ஆபீஸ்தான்னு அந்த மேஜையில முடிவு பண்ணினோம். நடுவுல ரெண்டு தடவை "வேணாம், விட்டுடலாம்"னு முடிவு பண்ணி, மறுபடி மாத்தினோம். ஒரு மணி நேரத்துல எழுப்பி விட்டிருந்தா எந்த முடிவோட எழுந்திருப்போம்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

2001-ல பெங்களூர் வந்தாச்சு. 2008-ல ஓட்டலை மூடினதைப் பேப்பர்லதான் படிச்சோம். நிலம் அரசாங்கத்தோடது. அதை வச்சிருந்தது 1835-ல ஆரம்பிச்ச வேளாண் தோட்டக்கலைச் சங்கம், அவங்ககிட்டேர்ந்து ஓட்டல்காரங்க எடுத்திருந்தாங்க. வருஷக்கணக்கா கோர்ட் கேஸ் நடந்து கடைசியில அரசு கைக்கு வந்தது. அங்கே சுமார் 20 ஏக்கர்ல செம்மொழிப் பூங்கா கட்டி 2010 நவம்பர்ல திறந்தாங்க.

போன தடவை சென்னை போனப்ப பொண்ணையும் கூட்டிட்டுப் போனோம். பழைய மரங்கள் நிறையவே வெட்டாம விட்டு வச்சிருக்காங்க, அதுக்கு ஒரு சபாஷ். எந்த இடத்துல உட்கார்ந்திருந்தோம்னு எனக்கும் தங்கமணிக்கும் தகராறு. அவ ஒரு மரத்தைக் காட்டறா, நான் அம்பது அடி தள்ளி இன்னொண்ணைக் காட்டறேன். பொண்ணு நடுவுல நின்னுகிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தானே லவ் பண்ணீங்க?"ன்னு கேக்குது.

எனக்கு ஆத்தாமையா இருந்தது. "டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்து செடியைப் பாக்கறதுக்கு ஒரு காபி கடையை ஒழிச்சிட்டாங்களே"ன்னேன்.

தங்கமணி ஒத்துக்கலை. "அன்னிக்கு உங்கிட்ட காபிக்குக் காசு இருந்துச்சு. ஓட்டல்னா உள்ள வரவே தயங்கறவங்க எத்தனை பேரு? அங்க பாரு." புல்தரையில ஒரு ஜோடி. பையன் கையில டிபன் பாக்ஸ், அவ வீட்லேர்ந்து கொண்டு வந்தது போல. சாப்பிடாம ரெண்டும் ஏதோ சீரியஸா பேசிட்டிருந்தாங்க. பொண்ணு அழுதிட்டிருந்த மாதிரி தெரிஞ்சது. நாங்க அந்தப் பக்கம் போகாம சுத்திப் போனோம்.

ரோட்டுக்கு எதிர்ல இன்னொரு பூங்கா, கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, 2024 அக்டோபர்ல திறந்தது. அங்க கயித்துல தொங்கிட்டுப் போற ஜிப்லைன் எல்லாம் இருக்காம். பொண்ணு அதுக்குக் கூப்பிட்டா. எனக்கோ பசி. அதே ரோட்ல நேரா போனா ராதாகிருஷ்ணன் சாலை, நியூ உட்லண்ட்ஸ். போய் பட்டூரா சொன்னோம்.

அதுவரைக்கும் ரெஜிஸ்தர் கல்யாணக் கதையை அவகிட்ட முழுசாச் சொன்னதில்லை. சொன்னோம். பட்டூராவைப் பிய்க்காம கேட்டுட்டு, "சரி, அப்புறம் தாத்தாகிட்ட யாரு போய் சொன்னது?"ன்னா.

தங்கமணி என்னைப் பார்த்தா. "அது வேற ஓட்டல். மொதல்ல சாப்பிடு, ஆறுது."