பொதுநிலமும் பதினெட்டுக் குழிகளும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ‘ஓல்டு கோர்ஸ்’ கோல்ஃப் திடல், தனியொருவர் வரைந்த திட்டத்தில் பிறந்ததன்று. கடலோர மணற்புல்வெளியைக் குறிக்கும் ‘லிங்க்ஸ்’ என்னும் சொல், மேடு எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. அந்நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையோடு நகர மக்கள் விளையாடும் உரிமையையும் 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஏற்றது.

நிலம் குறுகலானது, ஆகவே போகும்போதும் திரும்பும்போதும் அதே குழிகளிலேயே ஆடினர். 1764இல் 22 குழிகளாக இருந்த சுற்று 18 ஆயிற்று. ஆட்டக்காரர் பெருகவே, குழியைச் சூழ்ந்த ‘கிரீன்’ புல்தளங்கள் அகலமாக்கப்பட்டு, இரு குழிகளைத் தாங்கின. இன்று அத்தகைய இரட்டைத் தளங்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். இவ்வமைப்பு, பலர் பகிர்ந்துகொண்ட நிலத்தின் வரலாற்றுப் பதிவாகும்.

அந்நிலமும் ஒருமுறை கைநழுவியது. நொடித்துப்போன நகர மன்றம் 1797இல் அதை விற்க, முயல் வணிகர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நெடிய வழக்கு மூண்டது. 1894ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நகரம் நிலத்தை மீட்டது. 1974ஆம் ஆண்டின் சட்டம் நிர்வாகத்தை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஞாயிறுதோறும் வழக்கமாக ஆட்டம் நிறுத்தப்பட்டு, திடல் நடப்போருக்குத் திறந்துவிடப்படுகிறது. பொதுத்திடலொன்றின் வசதிகளைப் பட்டியலிடுவோர் முதலில் எழுத வேண்டியது, உள்ளே நுழையும் உரிமையையே.